தோளளவு

ஐம்பால் என்றொரு சொல் பழைய நூல்களில் வருகிறது. பெண்ணின் கூந்தலைக் குறிக்கும் சொல். ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் அந்தப் பெயர் என்பார்கள் உரைகாரர்கள். முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என்று எண்ணியும் தருவார்கள். பட்டியல் நூலுக்கு நூல் சற்று மாறும். எது எப்படி இருந்தது என்பதில் உரைகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஆனால் ஐந்துக்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு. கூந்தல் நீண்டிருக்க வேண்டும், கைகள் இரண்டும் வேண்டும், அந்தக் கைகள் தோளுக்கு மேலே எழுந்து தலைக்குப் பின்னால் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். கடைசி நிபந்தனையை எந்த உரையாசிரியரும் எழுதிவைக்கவில்லை. எழுதத் தேவையும் இருந்திருக்காது. கவிஞர்கள் கண்ட ஐம்பாலுக்கு உரியவள் எப்போதும் பதினாறு வயதைச் சுற்றியே இருந்தாள்.

முதியவளின் தலை இலக்கியத்தில் வராமல் இல்லை. புறநானூற்றின் 277-ஆம் பாடலில் ஒரு கிழத்தாய் வருகிறாள். அவளுடைய நரைத்த கூந்தலைக் கொக்கின் தூவியோடு ஒப்பிடுகிறார் புலவர். ஆனால் அவள் வருவது போரில் விழுந்த மகனுக்காக. ஆண்களின் நரைக்கு வேறு மரியாதை. ஆண்டு பல ஆகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் ஒரு முழுப் பாட்டில் காரணம் அடுக்குகிறார். ஒரு கிழவியிடம் போய் இந்தத் தலையை தினமும் எப்படிச் சீவி முடிகிறாய் என்று கேட்ட புலவர் ஒருவரும் என் கண்ணில் படவில்லை.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கத் தொடங்கியது என் அம்மா தன் எழுபத்திரண்டாவது வயதில், 2022-இல், அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் இருக்கும் ஓர் அழகு நிலையத்துக்குத் தனியே போய், இடுப்பைத் தொட்ட தலைமுடியைத் தோளளவுக்கு வெட்டிக்கொண்டு வந்த பிறகு.

அம்பையில் என் சிறுவயதில் முதிய பெண்களின் தலை மூன்று விதமாக இருந்தது. ஒன்று எங்கள் ஆச்சியுடையது. காதில் பாம்படம், தோளில் இடிக்கும் காதுமடல், கழுத்துக்கு ஒரு பக்கமாகச் சரிந்த கோடாலி முடிச்சு. ஆச்சி அதை முடிவதற்குக் கண்ணாடி பார்த்ததில்லை. கூந்தலை ஒரு கையில் சுற்றி, உதறி, நுனியை உள்ளே செருகுவாள். பேச்சு நடுவில் அறுபடாது. இரண்டாவது அம்மா சொல்லக் கேட்டது. ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சி. அம்மா சிறுமியாக இருந்தபோது அங்குள்ள அக்கிரகாரங்களில் முக்காட்டுக்குள் மழித்த தலையோடு பாட்டிகள் இருந்தார்கள். விடிவதற்கு முன்பே ஆற்றுக்கு வந்து போய்விடுவார்களாம். மூன்றாவது திருச்செந்தூர் மொட்டை. பேரனுக்குக் காய்ச்சல், மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பிள்ளை என்று எதற்கெல்லாமோ நேர்ந்துகொண்டு முருகனுக்குக் கொடுத்துவிட்டு, சந்தனம் அப்பிய தலையோடு பேருந்தில் இறங்குவார்கள்.

நீளமாக வைத்து முடிவது, அல்லது ஒன்றுமில்லாமல் மழிப்பது. நடுவில் எதுவும் கிடையாது. மொட்டை போட்டவர்களுக்கு முடி வளரத்தானே செய்யும் என்று கேட்கலாம். வளரும். மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளர்ந்து இரண்டு ஆண்டுகளில் தோளுக்கு வந்துவிடும். ஆனால் அந்த அளவில் யாரும் தங்கியதில்லை. பிடிக்குள் அகப்பட்ட அன்றே ஒரு சவுரியைச் சேர்த்து முடிச்சாக்கிவிடுவார்கள். விரைவு ரயிலுக்கு ரவணசமுத்திரம் போல அது கடந்துபோகிற இடம்.

இந்திரா காந்தியின் வெள்ளைக் கீற்றோடிய குட்டை முடியை எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவர் படம் போட்ட நாட்காட்டி எங்கள் வீட்டிலேயே தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு எந்த ஆச்சியும் தன் தலையைத் தொட்டுப் பார்த்ததாக நினைவில்லை. விமானம் பறப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு வலது தோள் 2017-இல் இறுகியது. அம்மா சர்க்கரை நோயாளி. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார் மருத்துவர். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடுவதால் கை ஓர் எல்லைக்கு மேல் எழாது. பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. பலருக்கு ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தானாகத் தளர்ந்துவிடும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். அம்மாவுக்கு மிச்சம் வைத்தது. அது போதாதென்று அடுத்த ஆண்டு இடது தோளும் பிடித்துக்கொண்டது.

தோள் இறுகியவளால் சோறு வடிக்க முடியும், கோலம் போட முடியும், ஆற்றில் துணியைக் கும்ம முடியும். அம்மா எல்லாம் செய்தாள். முடியாமல் போனவை இரண்டுதான். முதுகுப்பக்கம் கை கொண்டுபோவது ஒன்று, தலைக்குப் பின்னால் கை கொண்டுபோவது மற்றது. பின்னலின் கீழ்ப்பாதியை முன்னால் எடுத்துப் போட்டுப் பின்னிவிடலாம். ஆனால் பின்னல் தொடங்குவது பிடரியில். முதல் மூன்று கால்களை அங்கே பிரித்துப் பிடித்தாக வேண்டும். கொண்டையென்றால் முழுவதுமே அங்கேதான். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒரு பெண்ணின் இரு கைகளும் தலைக்குப் பின்னால் போய்வருகின்றன என்பது அந்த வழி அடைபடும்போதுதான் தெரிகிறது. குனிந்தால் அவிழ்கிறது, படுத்தால் அவிழ்கிறது, பேருந்தில் காற்றடித்தால் அவிழ்கிறது.

முதல் இரண்டு ஆண்டுகள் அப்பா பின்னிவிட்டார். அப்பா விக்கிரமசிங்கபுரம் நூற்பாலையில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையை நம்பி 1880-களில் தொடங்கிய ஆலை அது. எங்கள் பக்கத்தில் மூன்று தலைமுறை அதன் சங்கொலிக்கு எழுந்திருக்கிறது. அப்பா கடைசிவரை இழை அறுந்தால் பிணைக்கும் வேலையில் இருந்தார். அறுந்த நூலின் இரு முனைகளையும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு திருகு. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் என்று அவரே எண்ணியதில்லை. ஆனால் நூல் கை பழகியவருக்குப் பின்னல் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. முதல் ஒரு மாதம் அப்பாவின் பின்னல் இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. “கட்டுக் கயிறா இது, தல தாங்க மாட்டேங்கு” என்று அம்மா சொல்வாள். வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் பின்னுவார். யாராவது வந்துவிட்டால் சீப்பை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். கல்யாணமாகி நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பெண்டாட்டி தலையைச் சீவுவதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாதான் சிரித்தாள்.

2019 ஐப்பசியில் அப்பா போய்விட்டார்.

அதன்பிறகு பக்கத்து வீட்டு அக்கா வந்து பின்னிவிட்டாள். நல்ல மனுஷி, ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவளுக்கும் வீடு இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், எட்டு மணிக்கு டப்பாவில் சோறு கேட்கும் புருஷன். எல்லாம் முடித்து அவள் வரும்போது மணி ஒன்பதரை ஆகும். அதுவரை அம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருப்பாள். தலைவிரிகோலம் என்றால் நமக்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசலுக்குப் போக மாட்டாள். பால்காரர் வந்தால் கதவிடுக்கு வழியாகத்தான் பாத்திரம் வரும். ஐந்து மணிக்கு எழுந்து பழகியவளுக்கு நாலரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே தீட்டுக் காத்தது போலிருந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நான் பாளையங்கோட்டையில் மாட்டிக்கொண்டேன். முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் போக முடியவில்லை. அந்த அக்காவும் முதல் சில வாரங்கள் பயந்துகொண்டு வரவில்லை. நான் ஜூன் மாதத்தில் வந்து பார்த்தபோது அம்மாவின் பிடரியில் முடி சடையாகத் திரண்டிருந்தது. தேங்காயெண்ணெயை விட்டு, சிணுக்குவாரியை வைத்து இரண்டு மத்தியானம் உட்கார்ந்து பிரித்தேன். அம்மா ஒருமுறைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. “ஒங்கப்பாக்கு இப்ப நல்லா வந்திருக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

வெட்டுவது என்று அம்மா எப்போது முடிவெடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்கவில்லை. அழகு நிலையத்தில் என்ன நடந்தது என்பது பிற்பாடு அந்தப் பெண்ணே சொல்லித் தெரிந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும். மணப்பெண் அலங்காரமும் புருவம் திருத்துவதும்தான் அங்கே பெரும்பாலான வேலை. அம்மா படியேறி வந்து வெட்ட வேண்டும் என்றதும் நுனியைச் சரிசெய்யச் சொல்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். அம்மா கையைத் தோளில் வைத்துக் காட்டியதும் பயந்துவிட்டாள்.

“பாட்டி, வீட்டுல கேட்டுட்டு வாங்க.”

“வீட்டுல நாந்தாம்மா இருக்கேன்.”

அப்படியும் அவள் வெட்டவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை அம்மா மறுபடி போனாள்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. தெருவும் உறவும் அம்மாவிடம் கேட்ட கேள்விகளைப் பற்றி. முதலில் கேட்டது, “வேண்டுதலா?” வேண்டுதலென்றால் மொட்டையல்லவா போட வேண்டும், இது என்ன பாதி வேண்டுதல் என்று அவர்களுக்கே சந்தேகம். அடுத்தது குரலைத் தாழ்த்தி, “ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?” புற்றுநோய் என்ற சொல்லைச் சொல்லாமல் கேட்பதற்கு எங்கள் ஊரில் இதுதான் வாக்கியம். தூரத்து உறவில் ஒரு பெரியம்மை தொலைபேசியில் அழுதே விட்டாள். கணவன் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து துக்கம் முற்றி இப்படிச் செய்துகொண்டாள் என்று அவளாக ஒரு கதை கட்டியிருந்தாள். என் மகனோ, பாட்டி ‘மாடர்ன்’ ஆகிவிட்டாள் என்று மகிழ்ந்தான்.

ஒருவரும் அம்மாவின் தோளைப் பற்றிக் கேட்கவில்லை.

அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். நமக்கு அப்படித்தான் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பெண்ணின் கூந்தலுக்கு எது நடந்தாலும் அது ஒரு அறிவிப்பு. கண்ணகி கூந்தலை விரித்துப்போட்டு மதுரைத் தெருவில் நடந்தால் ஊர் எரிகிறது. பாஞ்சாலி முடிய மாட்டேன் என்றால் குருக்ஷேத்திரம். சிலப்பதிகாரத்தில் மாதவி தன் மகளைத் துறவறத்துக்குக் கொடுக்கும்போது பூமாலையோடு சேர்த்துக் கூந்தலைக் களைகிறாள். புறநானூறு 250-இல் கணவனை இழந்தவள் கூந்தலைக் கொய்து, வளையல் நீக்கி, அல்லியரிசி உண்டு கிடக்கிறாள். பிராமண விதவைகளின் மழிப்பு பிற்காலத்தில் எத்தனை கொடுமையாக இருந்தாலும், கூந்தலை இழப்பது கைம்மையின் அடையாளம் என்ற எண்ணம் அதற்கும் மிக முந்தியது என்பதை அந்தப் பாட்டு சொல்லிவிடுகிறது. பாரதி கொஞ்சம் தள்ளி, எங்களிடமிருந்து தென்காசிப் பாதையில் இருக்கும் கடையத்தில், 1918 முதல் 1920 வரை மனைவியின் ஊரில் இருந்தார். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-லேயே வந்துவிட்டது. அந்தக் காவியத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒரு அற்பக் கேள்வி எழும். பதின்மூன்று ஆண்டுகள் முடியாத கூந்தலை அவள் எப்படிச் சிக்கெடுத்தாள்? கானகத்தில் யார் உதவினார்கள்? சபதம் எடுப்பவர்களின் கூந்தலுக்குக் காவியத்தில் சிக்கு விழுவதில்லை.

இந்தப் பக்கத்தை முற்றிலும் புரட்டிப் போட்டவர் பெரியார்தான். பெண்கள் ஆண்களைப் போல முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்று சுயமரியாதை இயக்கக் காலம் தொட்டு அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பெண்ணை அலங்காரப் பொம்மையாக்குவதை எதிர்த்தவருக்குச் சீவிச் சிங்காரிப்பதில் போகும் நேரமும் உறுத்தியது. இத்தனை நடைமுறையான யோசனை தமிழில் அதுவரை கூந்தலைப் பற்றி வந்ததில்லை என்பேன். ஆனால் அவருடைய பேச்சிலும் கத்தரிப்பது ஒரு கொள்கையின் அடையாளம் ஆகிவிட்டது. கிராப் வைத்தவள் என்றால் கட்சிக்காரி. கொள்கைக்காகவும் அல்லாமல், துக்கத்துக்காகவும் அல்லாமல், நேர்த்திக்காகவும் அல்லாமல், கை எட்டவில்லை என்பதற்காக ஒருத்தி முடியை வெட்டலாம் என்ற இடம் நம் மரபில் காலியாகவே இருந்திருக்கிறது. அம்மா பெரியாரைப் படித்தவளில்லை. காலையில் விபூதி இல்லாமல் காபி குடிக்க மாட்டாள். அந்தக் காலி இடத்தில் போய் அவள் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

இனி கொஞ்சம் கத்தரிக்கோல் விஷயம். இலக்கிய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதே நிலையில் அம்மாவோ மாமியாரோ இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும்.

அந்தப் பெண் முதலில் காது வரைக்கும் வெட்டிவிடலாம் என்றிருக்கிறாள். பராமரிக்க எளிது, சீப்பே வேண்டாம். அம்மா மறுத்துவிட்டாள். கழுத்து மூடியிருக்க வேண்டும் என்றாள். அந்தப் பிடிவாதத்தில் ஒரு கணக்கு இருந்தது. முடி கழுத்தெலும்பைத் தொட வேண்டும். அதற்கு மேலே போனால் எதைக் கொண்டும் கட்ட முடியாது. அடுப்படியில் முகத்தில் விழும். கீழே வந்தால் கட்டாமல் இருக்க முடியாது. மறுபடியும் பிடரிக்குக் கை போயாக வேண்டும். கழுத்தெலும்பளவு என்றால் மொத்தத்தையும் இடது தோள் வழியாக முன்னால் இழுத்துப் போட்டு, மார்புக்கு நேராகக் கைகளை வைத்துக்கொண்டே ஒரு துணி வளையத்தில் நுழைத்துவிடலாம். தோள் உயரவே வேண்டாம். இந்த அளவை எந்த அழகுக்கலைப் புத்தகத்திலும் பார்த்து அம்மா கண்டுபிடிக்கவில்லை. போவதற்கு முன்னால் பல நாட்கள் கூந்தலை முன்னால் போட்டு, இங்கே, இங்கே என்று விரலால் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

அடுக்கடுக்காக வெட்டினால் இளமையாகத் தெரியும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அடர்த்தி உள்ளவர்களுக்கு அது சரி. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு உச்சியில் முடி மெலிந்து வகிடு அகலமாகிறது. அந்த முடியை மேலும் அடுக்காகக் குறைத்தால் நுனி எலிவால் போல ஆகும். ஒரே நேர்கோட்டில் வெட்டினால் இருக்கிற முடி நுனியில் திரண்டு கனமாகத் தெரியும். அம்மாவுக்கு அப்படித்தான் வெட்டினாள். சுருட்டை உள்ளவர்களுக்கு உலர்ந்த பிறகு முடி மேலேறும் என்பதால் நினைத்த அளவுக்கு இரண்டு விரல் கீழே வெட்டுவது நல்லது. ஐம்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் எடுத்த நடு வகிட்டைப் பக்கவாட்டுக்கு மாற்றச் சொன்னதும் அவள்தான். முதல் சில வாரங்கள் முடி பழைய இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய் விழுந்தது. ஈரத்தோடு சீவி இரண்டு கொண்டை ஊசிகளைக் காதுக்கு மேலே செருகி வைத்துப் பழக்கினோம். இறுக்கிப் பின்னுவதையும் இழுத்துக் கட்டுவதையும் நிறுத்தியதில் நெற்றியோரத்தில் முடி உதிர்வது குறைந்திருக்கிறது என்கிறாள். நானும் பார்த்தேன், உண்மைதான் போலிருக்கிறது.

இப்போது அம்மாவின் தலையலங்காரம் என்று சொன்னால் மூன்று வகை. ஐம்பாலுக்கு இரண்டு குறைவு. வீட்டில் இருக்கும்போது பக்க வகிடு, இரண்டு ஊசி. அடுப்படியிலும் கோயிலிலும் முன்தோளில் போட்ட துணி வளையம்; விரித்த தலையோடு சாமி முன்னால் நிற்க அவளுக்கு ஒப்பவில்லை. வெயில் காலத்தில் மட்டும், மேசையில் முழங்கையை ஊன்றி, தலையைக் கைக்குக் குனிந்து கொடுத்து, பல்வைத்த கவ்வியில் மொத்தத்தையும் அள்ளிப் பிடித்துவிடுவாள். கையைத் தலைக்குக் கொண்டுபோக முடியாதென்றால் தலையைக் கைக்குக் கொண்டுவர வேண்டியதுதானே என்பாள். எண்ணெய் முன்பு ஒரு கரண்டி, இப்போது உள்ளங்கையில் நான்கு சொட்டு. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று ஐயம் கொண்ட பாண்டியன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அது சீயக்காய் மணம் என்று அம்மா ஒரே வார்த்தையில் தீர்த்திருப்பாள். தருமிக்குத்தான் பொற்கிழி கிடைத்திருக்காது.

பூ ஒரு சிக்கலாகவே இருந்தது. அப்பா இறந்தபோது அம்மாவின் தலையிலிருந்து பூ எடுக்கப்பட்டது. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். முடி வெட்டிய செய்தி பரவிய பிறகு வந்த ஓர் உறவுக்காரி, “அதுவுஞ் சரித்தான், இனிமே பூவா வைக்கப் போறிய” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: “பூவுக்கு வேண்டியது முடி இல்லத்தா, கொண்டை ஊசி. அது எங்கிட்ட ரெண்டு இருக்கு.” வந்தவள் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அம்மா அதற்குப் பிறகு பூ வைத்தாளா என்றால், இதுவரை நான் பார்க்கவில்லை. பின்கட்டில் பிச்சி பூக்கிறது. பறித்துச் சாமி படத்துக்குப் போடுகிறாள். நான் கேட்டதில்லை.

வெட்டிய முடியை அந்தப் பெண் ரப்பர் வளையம் போட்டு ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தாள். ஒன்றரை முழம் இருக்கும். மேல்பக்கம் வெள்ளை, கீழே போகப் போகச் செம்பட்டையும் கறுப்பும். நுனியில் இருந்த முடிகளில் அப்பா பின்னிய காலத்தவையும் இருந்திருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம் ஓடியது. பாபநாசத்தில் கொண்டுபோய் ஆற்றில் விடலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா யோசனை சொன்னாள். ஏற்கெனவே அங்கே பரிகாரம் என்று பழந்துணியைக் கழற்றிப் போட்டு ஆற்றை நாறடிக்கிறார்கள், இதில் நான் வேறா என்றாள் அம்மா. முடி வாங்குகிறவர் சைக்கிளில் வந்தார். நரைமுடிக்கு விலை இல்லை என்று அவர் ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேரம் நடந்தது. முடிவில் ஓர் எவர்சில்வர் வடிதட்டும் இரண்டு தம்ளர்களும் வந்தன. அந்தத் தட்டில்தான் இப்போது கஞ்சி வடிக்கிறாள்.

ஆற்றைப் பற்றிச் சொல்லவில்லையே. தோள் இறுகிய நாளிலிருந்து அம்மா ஆற்றுக்குக் குளிக்கப் போவதை நிறுத்தியிருந்தாள். ஈரக் கூந்தலைப் பிழியக் கை போகாது. பிழியாத கூந்தலின் பாரம் தோளை இழுத்து வலிக்கும். காய மத்தியானம் ஆகும். படித்துறைக்குப் பத்து நிமிட நடைதூரத்தில் இருந்துகொண்டு ஐந்து ஆண்டுகள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் குளித்தாள். முடி வெட்டிய அடுத்த வாரமே போய்விட்டாள். எரிச்சாவுடையார் கோயில் பக்கத்துப் படித்துறையில் இறங்கி முங்கிவிட்டு, ஒரு துண்டால் ஒரு கையாலேயே துடைத்துக்கொண்டு, கறுத்த மலையைப் பார்த்தபடி வந்துவிடுகிறாள். ஆறே முக்காலுக்கு வீடு. ஏழு மணிக்குள் தலை காய்ந்துவிடுகிறது. ஏழேகாலுக்கு வாசலில் நின்று பால்காரரிடம் தண்ணீர் கலந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

முடி வளர்வதுதான் தொல்லை. கழுத்தெலும்பைத் தாண்டி இரண்டு விரல் இறங்கிவிட்டால் கணக்குத் தப்பிவிடுகிறது. தோள் மறுபடி கேட்கத் தொடங்குகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த மாடிப்படியை ஏற முழங்கால் இப்போது மறுக்கிறது. ஆகவே அந்த வேலை எனக்கு வந்திருக்கிறது. பின்கட்டில் ஸ்டூலில் உட்கார வைத்து, பழைய வேட்டியைக் கழுத்தில் சுற்றி, ஈரமாகச் சீவி, பள்ளிக்கூட அளவுகோலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வெட்டுகிறேன். நேராக வருகிறதா என்று அம்மா கண்ணாடியில் பார்ப்பதில்லை. இரு பக்க நுனியையும் முன்னால் இழுத்து நாடிக்குக் கீழே சேர்த்துப் பார்க்கிறாள். “எடப்பக்கம் ஒரு நெல்லு கூட” என்பாள். நெல் என்பது அவளுடைய அளவு.

நேற்று இரவு அலைபேசியில் கூப்பிட்டாள். வேறு எதை எதையோ பேசிவிட்டு, வைக்கப் போகும்போது சொன்னாள்: “ஏட்டி, எலும்பத் தாண்டிட்டு. ஞாயித்துக்கெழம வரும்போது அந்தப் பெரிய கத்தரிக்கோல எடுத்துட்டு வா. இங்க உள்ளது மொட்டையாப் போச்சு.”